பிரேசில் ஈப்பே மரம்: டிஓஎஃப் மட்டும் போதுமா?

வணக்கம் நண்பரே. பிரேசிலிலிருந்து 20 கன மீட்டர் ஈப்பே என்ற கடின மரப் பலகை எடுக்கிறீர்கள், சப்ளையர் டிஓஎஃப் என்ற மரப் போக்குவரத்து ஆவணத்தைக் காட்டுகிறார், அது போதுமா என்கிறீர்கள். போதாது. அது மரம் ஊர் விட்டு ஊர் போவதற்கான சீட்டுதான். சீட்டு அசலாகவே இருக்கும். மரம்தான் வேறு காட்டிலிருந்து வந்திருக்கும்.

தில்லுமுல்லு வெட்டு அனுமதியிலேயே தொடங்கும். பெரிய ஈப்பே பல ஹெக்டேருக்கு ஒன்றுதான் நிற்கும். கணக்கெடுப்பில் இல்லாத மரத்தை எழுதியோ, வேறு மரத்தை ஈப்பே என்று காட்டியோ அளவை ஏற்றிவிடுவார்கள். மிஞ்சும் அனுமதி அளவு, பழங்குடி நிலத்தில் திருடிய மரத்துக்குப் போர்வை. ஆகவே வெட்டு அனுமதியின் நகலையும் மர வாரியான கணக்கெடுப்பையும் கேளுங்கள். ஒரு ஹெக்டேருக்கு எத்தனை ஈப்பே என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். அக்கம்பக்கத்து அனுமதிகளைவிட எகிறினால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது அறுவை ஆலை. உருட்டுமரத்தில் 35% பலகையாகும் என்பது 2016 முதல் பொதுக்கணக்கு. அதற்கு முன் 45%. உங்கள் 20 கன மீட்டருக்குச் சுமார் 57 கன மீட்டர் உருட்டுமரம் உள்ளே வந்திருக்க வேண்டும். அதே 57-க்கு ஆலை 45% என்று கணக்குப் போட்டால் ஏட்டில் 25.7 வரும். கூடுதலான அந்த 5.7 கன மீட்டர் பலகை எங்கிருந்து வரும் என்று நினைக்கிறீர்கள்?

முக்கியமாக, 2024 நவம்பர் 25 முதல் ஈப்பே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. பிரேசிலின் சுற்றுச்சூழல் அமைப்பான இபாமா தரும் சைட்டீஸ் ஏற்றுமதி அனுமதியின் நகலைப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். அது அதிகபட்சம் 6 மாதம்தான் செல்லும். கப்பல் தேதியை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.