ஒரே வேலிக்குள் மூன்று மண், அடியில் வெள்ளைத் தட்டு: எலுமிச்சை வைக்கலாமா?

கேள்வி: அய்யா, நான்கு ஏக்கர் நிலம் வாங்கி, போன வருடம் எலுமிச்சை நட்டேன். மேட்டுப் பக்கம் சரளை கலந்த செம்மண், நடுவில் கருமண், பள்ளத்தில் மணலும் கூழாங்கல்லும். பக்கத்தில் ஆறு கிடையாது. நடுப்பகுதியில் ஒன்றரை அடிக்குக் கீழே கடப்பாரை இறங்காத வெள்ளைத் தட்டு இருக்கிறது. அங்கே வைத்த கன்றுகளுக்குத்தான் கொழுந்து மஞ்சளாகிறது. பழைய உரிமையாளர் உரத்தைக் கொட்டி மண்ணைக் கெடுத்துவிட்டார் என்கிறார்கள். பனியாறுகள்தான் நல்ல மண்ணை அரைத்துக் கொடுத்தன என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பனியே விழாத எங்கள் பகுதிக்கு அது பொருந்துமா? இயந்திரம் வைத்துத் தட்டை உடைத்துவிடலாமா?

பதில்: இயந்திரத்தை இப்போதைக்குக் கூப்பிடாதீர்கள். பழைய உரிமையாளர் மேல் பழியும் போட வேண்டாம். அந்த வெள்ளைத் தட்டு இறுகிப்போன சுண்ணாம்பு, எந்த உரத்தாலும் வந்ததல்ல. யூரியாவும் அம்மோனிய உரங்களும் தொடர்ந்து போட்டால் மண் மெல்ல அமிலப் பக்கம்தான் போகும், சுண்ணாம்பு சேராது. உப்புத் தண்ணீரும் கடின நீரும் பாய்ச்சிய நிலத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு படியலாம், உண்மைதான். ஆனால் கடப்பாரை இறங்காத தட்டு ஒரு மனிதரின் காலத்தில் உருவாகாது. அதற்குப் பல ஆயிரம் வருடம் வேண்டும்.

பனியாறு பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. நீங்கள் பார்த்தது வட அமெரிக்காவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் பொருந்தும். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தது ஏறக்குறைய 21,000 வருடங்களுக்கு முன்னால். கனடாவின் மேல் கிடந்த பனி சில இடங்களில் மூன்று கிலோமீட்டர் கனம் இருந்தது. அது நகரும்போது பழைய மேல்மண்ணைச் சுரண்டி, பாறையை மாவாக அரைத்து, உருகிய இடத்தில் போட்டுவிட்டுப் போனது. அதனால் அங்கே மண்ணுக்கு வயது குறைவு. பாறையின் சத்து இன்னும் கரைந்து போகாமல் இருக்கிறது. அங்கேயும் ஒரே பண்ணைக்குள் மூன்று நான்கு மண் வருவது சகஜம். பனி நேரே கொட்டிய இடத்தில் களியும் பாறாங்கல்லும் கலந்து கிடக்கும். உருகிய நீர் ஓடிய இடம் சரளை. அந்த நீர் ஏரியாகத் தேங்கிய இடம் கனத்த களி. கனடாவின் மானிடோபாவில் தொடங்கி அமெரிக்காவின் வடக்கு டகோட்டா வரை தட்டையாக விரிந்து கிடக்கும் செவ்வாற்றுச் சமவெளி, அகாசி என்ற பனியுக ஏரியின் பழைய தரைதான். ஏரி வடிந்துவிட்டது, அதன் களியில் இன்று கோதுமை விளைகிறது.

உங்கள் நிலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பள்ளத்தில் கிடக்கும் கல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள். பனியாறு இழுத்து வந்த கல்லாக இருந்தால் ஒன்றிரண்டு பக்கம் இழைத்தது போலத் தட்டையாக இருக்கும், அந்தப் பக்கத்தில் இணையான கீறல்கள் தெரியும், சின்னதும் பெரியதும் களியோடு ஒழுங்கில்லாமல் குழைந்து கிடக்கும். உங்களுடையது கூழாங்கல் என்கிறீர்கள். முனை மழுங்கி உருண்டை ஆன கல்லை உருட்டியது தண்ணீர். ஒரு காலத்தில் அந்தப் பள்ளம் ஆறாகவோ பெரிய ஓடையாகவோ இருந்திருக்கிறது. பிறகு அது தடம் மாறியிருக்கும், அல்லது வற்றியிருக்கும்.

ஆறு ஏன் வற்றும், ஏன் தடம் மாறும் என்று யோசித்தால்தான் பனியுகம் உங்கள் வேலிக்குள் வந்த வழி புரியும். வடக்கே அவ்வளவு நீர் பனியாக உறைந்ததால் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இறங்கியது. கடலை நோக்கி ஓடிய ஆறுகள் தங்கள் படுகையை ஆழமாக வெட்டின. பனி உருகிக் கடல் ஏறியபோது அதே பள்ளங்களை மணலாலும் வண்டலாலும் நிரப்பின. பனியுகத்தில் வெப்ப நாடுகளிலும் குளிர் கூடியது. பருவமழை தளர்ந்தது. காற்றும் புழுதியும் மிகுந்தன. சீனாவின் லோயஸ் பீடபூமியில் அப்படிக் காற்று கொண்டுவந்து கொட்டிய புழுதி நூறு மீட்டருக்கும் மேல் கனமாகப் படிந்திருக்கிறது. வெட்டுமுகத்தில் பார்த்தால் வெளிர் மஞ்சள் அடுக்கும் செம்பழுப்பு அடுக்கும் மாறி மாறி வரும்: புழுதி கொட்டிய வறண்ட காலம், மழை பெய்து மண்ணாக முதிர்ந்த காலம், மறுபடி புழுதி. ஏறக்குறைய 25 லட்சம் வருடத்துக் கணக்கு அதில் இருக்கிறது.

பிறகு காற்று மாறியது. சுமார் 11,000 முதல் 5,000 வருடம் முன்பு வரை ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பருவமழை இன்றைவிட வலுவாக இருந்தது. சகாராவிலேயே ஏரிகளும் புல்வெளியும் இருந்த காலம் அது. அப்புறம் மழை குறைந்தது. ஆக, பனி ஒரு துளி விழாத நிலத்துக்கும் ஈரக்காலம், வறட்சிக்காலம் என்று பல சுற்று வந்து போயிருக்கிறது. மண் அறிவியலர் ஹான்ஸ் ஜென்னி 1941-ல் மண்ணை ஆக்கும் காரணிகள் ஐந்து என்று வகுத்தார்: தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம். தட்பவெப்பம் என்றவுடன் இந்த வருட மழையை நினைத்துக்கொள்கிறோம். மண்ணில் பதிந்திருப்பது பெரும்பாலும் எப்போதோ முடிந்துபோன தட்பவெப்பம்.

இப்போது உங்கள் மூன்று மண்ணையும் மேட்டிலிருந்து கீழாகப் பார்ப்போம். மேட்டுச் செம்மண் நன்றாக நீர் வடிந்த இடம். நீண்ட காலம் மழை அதிலிருந்த சுண்ணாம்புச் சத்தையும் மற்ற கரையும் சத்துகளையும் கழுவி இறக்கிவிட்டது. கரையாத இரும்பு துருவாகத் தங்கிச் சிவப்பாகிவிட்டது. கழுவப்பட்ட சுண்ணாம்பு எங்கே போகும்? சரிவில் இறங்கி நடுப்பகுதியில் தேங்கும். சுண்ணாம்பும் மக்னீசியமும் தேங்குகிற இடத்தில்தான் கருமண்ணின் விரிந்து சுருங்கும் களி உருவாகிறது. மேலே செம்மண், கீழே கருமண் என்பது வெப்ப நாடுகளில் பல சரிவுகளில் காணும் ஜோடி. பாறை ஒன்றாகவே இருந்தாலும் இப்படிப் பிரியும்.

வெள்ளைத் தட்டும் அதே கதைதான். மழைநீர் மண்ணுக்குள் இருக்கும் கரியமிலவாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்து இறங்கும். மழை போதாத இடத்தில் அந்த ஈரம் ஒரு ஆழத்தோடு நின்றுவிடும். வேர் நீரை உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு அங்கேயே படியும். முதலில் வெள்ளை நூல் போல, பிறகு சுக்கான் கல்லாக உருண்டு, கடைசியில் கற்கள் ஒட்டித் தட்டாகும். மழை குறையக் குறைய அது படியும் ஆழமும் குறையும். ஒன்றரை அடியில் தட்டு இருக்கிறதென்றால், ஈரம் அதற்குக் கீழே அதிகம் போகாத வறண்ட காலம் ஒன்று நீண்டு இருந்திருக்கிறது என்று பொருள். மேல்மண் பின்னாளில் அரித்துப் போனதாலும் தட்டு மேலே தெரியலாம். நிலத்தில் குழி வெட்டிப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும்.

சரி, கன்றுகளுக்கு வருவோம். கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் மஞ்சளாக இருக்கிறதா? அப்படியானால் அது சுண்ணாம்பு மண்ணில் வரும் இரும்புப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருக்கும். சுண்ணாம்பு அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். எலுமிச்சை வகைக்கு இது சட்டென்று வரும். துத்தநாகமும் இதே போல் முடங்கும். லிட்டருக்கு 5 கிராம் இரும்பு சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, மாலையில் கொழுந்து நனையத் தெளித்து, இரண்டு வாரத்தில் மறுபடி தெளியுங்கள். இலை தேறும். ஆனால் அது கொழுந்துக்கு மட்டும்தான் வைத்தியம், மண்ணுக்கு அல்ல.

கந்தகம் போட்டுச் சுண்ணாம்பைக் கரைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு அடி ஆழ மண் ஏறக்குறைய 1,700 டன். அதில் பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்பு என்றால் 170 டன். ஒரு கிலோ கந்தகம் மூன்று கிலோவைச் சற்றுத் தாண்டிய சுண்ணாம்பைத்தான் தீர்க்கும். அப்படியானால் ஏக்கருக்கு ஐம்பது டன்னுக்கு மேல் வேண்டும். ஜிப்சமும் இதற்கு உதவாது. அது சோடியம் மிகுந்த களர் நிலத்துக்கு. ஆயிரக்கணக்கான வருடம் சேர்ந்ததை மூட்டையில் வாங்கித் தீர்க்க முடியாது. அந்தப் பணத்தைத் தொழு உரத்துக்குச் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

தட்டை உடைப்பது பற்றி. நிலம் முழுக்க உடைத்துப் புரட்டினால் கீழே கிடந்த சுண்ணாம்பு மேல்மண்ணோடு கலந்துவிடும். இன்று கன்றுக்குக் கொஞ்சமாவது கிடைக்கும் நல்ல மண்ணும் போய்விடும். உளிக்கலப்பை உழவால் இறுகிய அடிமண்ணை உடைக்கும். பாறையாகிவிட்ட தட்டுக்கு அது சரிப்படாது. மரம் வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் குழியில் மட்டும் தட்டைத் துளைத்து, கீழே இளகிய மண் வரும்வரை போக வேண்டும். பாதியில் நிறுத்தினால் குழி தொட்டி மாதிரி ஆகி, மழையில் வேர் அழுகிவிடும். துளைத்த குழியில் தண்ணீர் நிரப்பி விடுங்கள். மறுநாள் வடிந்திருந்தால் நடலாம். வடியாவிட்டால் அந்த இடத்தில் மரமே வேண்டாம்.

எனக்குக் கேட்டால் எலுமிச்சையை மேட்டுச் செம்மண்ணுக்கு மாற்றுங்கள், சரளைக்குக் கீழே மூன்றடியாவது வேர் இறங்கும் மண் இருந்தால். நடுப்பகுதியில் எலுமிச்சை இனம்தான் வேண்டும் என்றால் சுண்ணாம்பைத் தாங்கும் ரங்பூர் எலுமிச்சை வேர்ச்செடியில் ஒட்டிய கன்றாகக் கேளுங்கள். மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடி கூடவே கூடாது. இல்லாவிட்டால் தட்டுக்கு மேல் இருக்கும் ஒன்றரை அடியிலேயே வேலையை முடித்துக்கொள்ளும் சோளம், கொண்டைக்கடலை போன்ற பயிர் போதும். மரமாக இருந்தால் இலந்தை, மாதுளை சுண்ணாம்பைப் பொறுக்கும். பள்ளத்துக் கூழாங்கல் நிலத்தில் குட்டை வெட்டாதீர்கள், நீர் நிற்காது. மழைநீரைத் திருப்பி உள்ளே இறக்க அதைவிட நல்ல இடம் உங்களுக்குக் கிடைக்காது. பக்கத்தில் கிணறு இருந்தால் அதற்கு ஊறும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் மூன்று பகுதியிலும் மார்பளவு ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வெயில் படும் பக்கச் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தம் செய்து மேலிருந்து கீழே பாருங்கள். நிறம் மாறும் ஆழத்தைக் குறியுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கட்டி எடுத்து வினிகர் ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் துருப் புள்ளிகள் தெரிந்தால் அந்த ஆழம் வரை நீர் தேங்குகிறது என்று அர்த்தம். தட்டு இடைவிடாமல் ஓடுகிறதா, துண்டு துண்டாக இருக்கிறதா என்று நடுப்பகுதியில் பத்திருபது இடத்தில் கடப்பாரை போட்டுப் பாருங்கள். இடைவெளி உள்ள இடங்கள்தான் உங்கள் மரக்குழிகள். மண் பரிசோதனைக்கு மூன்று மாதிரியும் தனித்தனிப் பையில் போகட்டும். கலந்து கொடுத்தால் மூன்றுக்கும் பொருந்தாத ஒரு பரிந்துரைதான் வரும்.