இரண்டு கிழமையில் முதல் மருந்து: குட்டி நாய்களும் பூச்சியும், வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் டொக்டர். எங்கள் பெட்டை நாய்க்கு வயிற்றில் குட்டி, ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். போன முறை ஆறு குட்டி போட்டு நான்கு செத்துவிட்டன. மூன்று கிழமை வரை நன்றாகப் பால் குடித்தவை, பிறகு வயிறு பானை மாதிரி ஊதியது, ஒன்று சத்தி எடுத்தபோது நூடில்ஸ் மாதிரிப் பூச்சிகள் விழுந்தன. பால் மட்டும் குடிக்கிற குட்டிக்குப் பூச்சி எங்கிருந்து வந்தது? இப்போது தாய்க்கு மருந்து கொடுத்தால் குட்டி கரைந்துவிடும் என்று பக்கத்து வீட்டு அன்ரி சொல்கிறார். என்ன செய்யலாம்? (வாசகி, உப்புவெளி)

பதில்: அடுத்த ஈற்றுக்கு முன்னமே கேட்டுவிட்டீர்கள், நல்லது. இந்த முறை நேரம் இருக்கிறது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்தப் பூச்சி தாயிடமிருந்துதான் வந்தது. நீங்கள் பார்த்தது வட்டப்புழு, டொக்சோகாரா கேனிஸ் என்று பெயர். உங்கள் நாய் சின்ன வயதிலிருந்தே மண்ணைக் கிண்டி, நக்கி, இந்தப் புழுவின் முட்டைகளை விழுங்கியிருக்கும். வளர்ந்த நாயின் உடம்பில் அவற்றில் பெரும்பாலானவை குடலில் புழுவாக வளராமல், கண்ணுக்குத் தெரியாத குடம்பிகளாகத் தசைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், வருடக்கணக்கில்கூட அப்படியே கிடக்கும். நாயைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, மலத்தைச் சோதித்தாலும் முட்டை அகப்படாது. நாய் குட்டி சுமப்பது ஏறத்தாழ 63 நாள். அதில் 42ஆம் நாளளவில் அந்தக் குடம்பிகள் விழித்து, நச்சுக்கொடியைத் தாண்டி, இன்னும் பிறக்காத குட்டியின் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் போய்விடுகின்றன. பிறந்த பிறகு குட்டி அவற்றை இருமி விழுங்க, குடலுக்கு வந்து சேர்கின்றன. மிச்சம் உள்ளவை பாலோடு வருகின்றன. குட்டிக்கு மூன்று கிழமை ஆகும்போது உள்ளே முட்டையிடுகிற பெரிய புழுக்களே இருக்கும். உங்கள் நான்கு குட்டிகளும் போனது அந்த நேரத்தில்தான்.

அதனால் வயிறு ஊதட்டும், பூச்சி விழட்டும், பிறகு மருந்து கொடுப்போம் என்று இருந்தால் பிந்திவிடும். குட்டி பிறந்த நாளைக் கலண்டரில் குறியுங்கள். இரண்டாம் கிழமை முடிய முதல் மருந்து, பிறகு நான்காம், ஆறாம், எட்டாம் கிழமைகளில், அதன் பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. ஏன் இத்தனை தடவை என்று பலரும் கேட்கிறார்கள். மருந்து கொல்வது அன்றைக்குக் குடலில் இருக்கிற புழுவைத்தான், நுரையீரலில் பயணத்தில் இருப்பதும் நாளைக்குப் பாலில் வரப்போவதும் தப்பிவிடும், அவை குடலுக்கு வந்து வளர்ந்து முட்டையிட முன்னம் அடுத்த முறை பிடிக்க வேண்டும். குட்டிக்குக் கொடுக்கிற நாட்களில் தாய்க்கும் கொடுங்கள், குட்டிகளின் பின்புறத்தை நக்கித் துப்புரவாக்குவது அவள்தான், அப்படியே திரும்பவும் புழுவை வாங்கிக்கொள்வாள்.

அன்ரி சொன்னதில் ஒரு பாதி சரி. மாட்டுக்கும் மனிதருக்கும் கொடுக்கிற அல்பென்டசோல் வயிற்றில் இருக்கும் குட்டிகளைப் பாதிக்கும், அதை இப்போது கொடுக்கவே கூடாது. ஆனால் பைரன்டெல், பென்பென்டசோல் இரண்டையும் குட்டி சுமக்கும் நாய்க்குக் கொடுக்கலாம், வைத்தியர்கள் கொடுத்துவருகிறார்கள். ஒரு நாள் ஒரு குளிசை கொடுத்துவிட்டு விட்டால் தசைக்குள் படுத்திருப்பது சாகாது. பென்பென்டசோலைச் சினைக்காலத்தின் 40ஆம் நாளிலிருந்து குட்டி போட்டு 14ஆம் நாள் வரை தினமும் கொடுத்தால்தான் குட்டிக்குப் போகிற புழு பெரும் அளவில் குறையும். உங்கள் நாய்க்கு இப்போதே ஒரு மாதம் தாண்டிவிட்டது என்கிறீர்கள், ஆகவே இந்தக் கிழமையே மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் நிறையைப் பார்த்து அளவை எழுதி வாங்குங்கள். தினமும் கொடுக்கக் காசு கட்டாது, நாய் விடாது என்றால் பரவாயில்லை, குட்டிகளின் இரண்டாம் கிழமையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தவறவிடாதீர்கள்.

கொடுக்கும் விதத்தையும் சொல்கிறேன், இதில்தான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவு என்று கரண்டியால் ஊற்றக் கூடாது. சமையலறைத் தராசில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, ஒவ்வொன்றாக இருத்தி நிறையைக் கடதாசியில் எழுதுங்கள். ஒரே ஈற்றில் ஒன்று 400 கிராம் இருக்கும், கடைசிக் குட்டி 250கூட இராது. பைரன்டெல் பாணியை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கிவிடும். ஊசி கழற்றிய சின்னச் சிரிஞ்சில் எடுத்து, குட்டியைக் குப்புற மடியில் வைத்து, கடைவாய்ப் பக்கமாக உள்ளே விட்டு, துளித்துளியாக, அது நக்கி விழுங்க விழுங்கக் கொடுங்கள். மல்லாக்கப் பிடித்து ஒரேயடியாக ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அடுத்த நாள் மலத்தில் பூச்சி சுருண்டு கிடந்தால் பயப்படத் தேவையில்லை, மருந்து வேலை செய்திருக்கிறது.

கேள்வி: குட்டிகளுக்குப் பன்னிரண்டு நாள். இரண்டு குட்டி பால் குடிக்க எழும்புவதே இல்லை, மலம் தார் மாதிரிக் கறுப்பு. மலத்தைச் சோதித்ததில் பூச்சி முட்டை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சளிதான் என்று வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறோம். (வாசகர், திருக்கடலூர்)

பதில்: தம்பி, இந்த இதழ் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். குட்டியின் மேலுதட்டை விரலால் மெல்ல உயர்த்தி முரசைப் பாருங்கள். நல்ல குட்டியின் முரசு ரோசாப் பூ நிறத்தில் இருக்கும், விரலால் அமத்திவிட்டு எடுத்தால் உடனே நிறம் திரும்பும். கடதாசி மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே இரத்தம் போகிறது. இந்த வயதில் கறுத்த மலமும் வெளுத்த முரசும் சேர்ந்தால் முதலில் நினைக்க வேண்டியது கொழுக்கிப்புழு. இது பெரும்பாலும் தாய்ப்பாலில் வருகிறது, குடல் சுவரைக் கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. அது வளர்ந்து முட்டையிட இரண்டு கிழமைக்கு மேல் எடுக்கும், குட்டி அதற்கு முன்னமே செத்துப்போகலாம். அப்படியிருக்க, பன்னிரண்டாம் நாள் மலத்தில் முட்டை இல்லை என்றால் அதை வைத்துப் பூச்சி இல்லை என்று முடிவெடுக்க முடியாது. இப்படிப்பட்ட குட்டிக்கு மருந்து மட்டும் போதாது, சிலவேளை இரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஒரு நாள்கூடப் பார்த்துக்கொண்டிருக்காமல், துணியில் சுற்றிச் சூடாக வைத்து வைத்தியரிடம் ஓடுங்கள், தாயையும் மற்றக் குட்டிகளையும் சேர்த்தே கொண்டுபோங்கள். வீட்டில் வைத்து ஒவ்வொன்றாக அது அடங்கிப்போவதைப் பார்ப்பது பெரிய வேதனை, பலரும் சளி என்று நினைத்தே இழந்துவிடுகிறார்கள்.

கேள்வி: தாயின் காது, கால் விரலிடுக்கு எல்லாம் உண்ணி. குட்டிகளுக்கும் ஏறிவிட்டது. மண்ணெண்ணெய் பூசலாமா? மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசி நல்லது என்கிறார்களே? (வாசகர், உவர்மலை)

பதில்: இரண்டும் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், தாய் நக்கினால் வயிற்றுக்குள் போகும், குட்டி முலையோடு சேர்த்துக் குடிக்கும். மாட்டு ஊசியில் மருந்து அவ்வளவு செறிவானது, ஒரு துளி கூடினாலும் சின்னக் குட்டிக்கு நடுக்கம் வந்து, கண் தெரியாமல் போய், நினைவு இழந்து கிடக்கும். அமிட்ராஸ் கழுவுகிற மருந்தும் குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் வேண்டாம். எட்டுக் கிழமைக்குக் கீழ்ப்பட்ட குட்டிக்குக் கையும் சீப்பும்தான் மருந்து. இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீர்ப் போத்தலுக்குள் போடுங்கள், நசுக்காதீர்கள். தாய்க்குப் புளூரலனர் என்ற குளிசை இருக்கிறது, சினையிலும் பால் கொடுக்கும்போதும் கொடுக்கலாம், விலைதான் கூட. அப்புறம், உண்ணி முட்டை போடுவது நாயில் இல்லை, கீழே இறங்கிச் சுவர் வெடிப்பிலும் கட்டில் காலடியிலும்தான், ஒன்றே ஆயிரக்கணக்கில் போடும். நாய் படுக்கிற சாக்கை எறிந்துவிட்டுப் பழைய பருத்தித் துணி விரித்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொதிநீரில் அவித்து வெயிலில் போடுங்கள். தாய் சோர்ந்து, காய்ச்சலோடு முரசும் வெளுத்தால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தம் சோதிக்க வேண்டும், அதில் பபேசியா என்ற கிருமி வயிற்றிலேயே குட்டிக்கும் போகக்கூடியது.

கேள்வி: எங்கள் வளவு முழுக்க மணல். கட்டாக்காலி நாய் ஒன்று கிணற்றடியில் குட்டி போட்டிருக்கிறது. பிள்ளைகள் விடமாட்டார்கள், நாள் முழுக்க அங்கேதான். மகனின் பாதத்தில் சிவப்பாகக் கோடு ஓடிக் கடிக்கிறது. (வாசகி, நிலாவெளி)

பதில்: அந்தக் கோடு, நாயின் கொழுக்கிப்புழுக் குடம்பி தோலுக்குள் ஊர்கிற தடமாக இருக்கலாம். மகனை வைத்தியரிடம் காட்டுங்கள், சுகப்படுத்தக்கூடியதுதான். இன்னொரு கொழுக்கிப்புழு மனிதக் குடலிலேயே வளரும். 1911இல் இலங்கைப் புனுகுப்பூனையில் கண்டு எழுதியதால் அதற்குச் சிலானிக்கம் என்றே பெயர். பிள்ளைகளைக் குட்டிகளிடமிருந்து பிரிக்க வேண்டாம், அந்த அன்பு நல்லது. செருப்புப் போட்டுக்கொண்டு போகட்டும், தூக்கிய பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது மலத்தை ஒவ்வொரு நாளும் அள்ளுவது. புதிதாகப் போட்ட மலத்தில் உள்ள முட்டை உடனே தொற்றாது, கொழுக்கிப்புழு சூட்டிலும் ஈரத்திலும் ஒரு கிழமைக்குள் தயாராகிவிடும், வட்டப்புழு முட்டைக்கு இரண்டு கிழமைக்கு மேல் வேண்டும், ஆனால் ஒருமுறை மண்ணில் கலந்துவிட்டால் அது வருடக்கணக்கில் கிடக்கும், எந்தக் கழுவுமருந்தும் அதைக் கொல்லாது. கிணற்றடி எப்போதும் ஈரம். மாரி தொடங்கினால் ஐப்பசியிலிருந்து தை வரை வளவே ஈரம். ஆகவே அந்தக் குடும்பத்தை இப்போதே வெயில் படுகிற காய்ந்த இடத்துக்கு மாற்றி, மேலே ஒரு தகரம் சாய்த்துவிடுங்கள். தாயைத் தொட முடியாவிட்டால் மருந்தைக் கருவாட்டுத் துண்டுக்குள் வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் விழுங்கிவிடும். குட்டிகளுக்கு இன்றைக்கு எத்தனை நாள் என்று எழுதவில்லையே, கண் திறந்துவிட்டதா? திறந்து ஓரிரு நாள் ஆகியிருந்தால் முதல் மருந்துக்கு நேரம் வந்துவிட்டது, நாளைக்கே வாங்குங்கள்.