ஹனஃபி இமாமின் பின்னால் ஃபஜ்ர்

வ அலைக்கும் ஸலாம் தம்பி. ஹனஃபி இமாமின் பின்னால் ஃபஜ்ர் (அதிகாலைத் தொழுகை) தொழலாமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் பரங்கிப்பேட்டையில், கடற்கரை ஊர்க்காரர்கள் பலரையும் போல, ஷாஃபியாக வளர்ந்தவர்; ஷாஃபி, ஹனஃபி இரண்டும் மத்ஹபுகள், அதாவது இஸ்லாமியச் சட்ட வழிகள். புதுச்சேரியில் அறைக்கு எதிரே உள்ள ஹனஃபி பள்ளியில் ஃபஜ்ரில் குனூத் (நின்றபடி ஓதும் துஆ) இல்லை என்பதற்காக, இருட்டில் ஊரின் மறுகோடிக்கு வண்டி ஓட்டுகிறீர்கள். வேண்டாம். ஷாஃபி மத்ஹபில் குனூத் சுன்னத்துதான், கட்டாயமல்ல; விடுபட்டால் தொழுகை முறியாது. இமாம் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபின், நீங்கள் மட்டும் மறதிக்கான சஜ்தா (சிரவணக்கம்) செய்துகொள்ளலாம். அஸர் (மாலைத் தொழுகை) அங்கே பிந்தும், ஆனால் உங்கள் நேரத்துக்குள்தான். ஹஜ்ஜின்போது மினாவில் கலீஃபா உஸ்மான் (ரலி) நான்கு ரக்அத் தொழுவித்தபோது, பயணத்தில் இரண்டுதான் சரி என்று கருதிய நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களும் நான்கே தொழுதார்கள். ஷாஃபி வழக்கப்படி ஆமீனைச் சத்தமாகச் சொன்னால் பக்கத்துப் பெரியவர் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான். என்னையும் ஒருவர் பார்த்தார், தொழுது முடிந்ததும், “கடற்கரை ஊரா?” என்று கேட்டார்.