இடைவேளையில் தனியே நிற்கும் மகன்: எலக்கியூசன் வகுப்புக்கு அனுப்பலாமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

கணவரின் வேலை மாற்றத்தால் சென்ற வருடம் திருகோணமலையிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்து ஒரு தொடர்மாடியில் இருக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, தரம் மூன்று. வீட்டில் அவருக்கு வாய் ஓயாது. அக்காவோடு சண்டை, அப்பாவோடு கிரிக்கெட் கதை, தொலைபேசியில் அம்மம்மாவோடு அரை மணித்தியாலம். அப்படிப்பட்டவர் இடைவேளை நேரத்தில் தனியே நிற்கிறார் என்று வகுப்பு ரீச்சர் சொன்னபோது நம்பமுடியவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போன அன்று நானே பார்த்தேன். ஐந்தாறு பையன்கள் டெனிஸ் பந்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இவர் ஓடிப்போய் நடுவில் நின்று, "அது அவுட் இல்லை, ரூல் அப்பிடி இல்லை, பட்டைத் தாங்கோ, நான் காட்டுறன்" என்றார். "போடா, நீ இதில இல்லை" என்றான் ஒருவன். இவர் நேரே ரீச்சரிடம் முறைப்பாடு சொல்லப் போனார். பிறகு சுவரோரம் நின்றுகொண்டார்.

குழுவேலை கொடுத்தாலும் ஒன்றில் எல்லாவற்றையும் தானே செய்யப் பார்க்கிறாராம், அல்லது ஒன்றும் செய்யாமல் இருக்கிறாராம். மாலையில் எங்கள் தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள். அங்கே சிங்களம்தான் கூட. இவர் படியில் நின்று பார்த்துவிட்டு மேலே வந்துவிடுவார்.

"எலக்கியூசன் (பேச்சுப் பயிற்சி) வகுப்பில் சேர்த்துவிடு, கூச்சம் போய்விடும்" என்கிறார் மாமி. "வளர வளரச் சரியாகும்" என்கிறார் அம்மம்மா. தினமும் அவர் பாடசாலை வானால் இறங்கியதும் நான் "இண்டைக்கு ஆரோட விளையாடினீங்கள்?" என்று கேட்பேன், முகம் சுருங்கிவிடும். வகுப்பில் சேர்க்கவா? பாடசாலையில் கதைத்தால் பிள்ளைக்கு வெட்கமாகிவிடுமா? எங்கே தொடங்குவது?

ஒரு தாய், வெள்ளவத்தை

*

அன்புள்ள தாயாருக்கு,

அந்த ஒரு நிமிடத்தை நீங்கள் நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருப்பது பெரிய உதவி. கூச்சமுள்ள பிள்ளை ஓடிப்போய் நடுவில் நிற்காது. உங்கள் மகனுக்கு மற்றப் பிள்ளைகளோடு சேர ஆசை இருக்கிறது, கதைக்கவும் தெரியும். ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு விளையாட்டுக்குள் நுழைவது எப்படி என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதைக் கற்றுக்கொடுக்கலாம்.

மார்த்தா புட்டலாஸ், ஜோன் கொட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1981 இல் இதையே ஆராய்ந்தார்கள். அவர்கள் பார்த்ததும் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான். மற்றவர்களால் விரும்பப்படாத பிள்ளைகள் குழுவுக்குள் வரும்போது தங்களைப் பற்றிச் சொன்னார்கள், தங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னார்கள், கேள்வி கேட்டு விளையாட்டை நிறுத்தினார்கள், மறுத்துப் பேசினார்கள். குழுவின் கவனத்தைத் தங்கள் பக்கம் இழுக்கும் செயல்கள் இவை. உங்கள் மகன் ஒரே மூச்சில் இவற்றில் பலவற்றைச் செய்திருக்கிறார். ரூலைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஆட்டத்தில் இன்னும் சேராத ஒருவர் ரூலைத் திருத்தினால் எட்டு வயதுப் பையன்கள் பொறுக்கமாட்டார்கள்.

வீட்டில் பழக்கவேண்டியது இதுதான். முதலில் விளையாட்டின் ஓரத்தில், பந்து படாத தூரத்தில், ஒன்றிரண்டு நிமிடம் நின்று பார்க்கவேண்டும். சும்மா பார்ப்பதல்ல. யார் பந்து போடுகிறார், ஸ்கோர் என்ன, எந்தப் பக்கத்தில் ஆள் குறைவு, பட் யாருடையது என்று பிடிக்கவேண்டும். பந்து தன் பக்கம் உருண்டு வந்தால் எடுத்து எறியலாம். நல்ல அடி அடித்தால் "நல்ல ஷொட்!" என்று சொல்லலாம். பிறகு ஓவர் முடியும் வரை அல்லது விக்கெட் விழும் வரை காத்திருக்கவேண்டும், ஏனென்றால் ஆட்டம் தானாக நிற்கும் நேரம் அதுதான். அப்போது ஆள் குறைந்த பக்கத்துப் பையனிடம், "உங்கட பக்கம் ஒராள் குறையுது, நான் பீல்டிங் நிக்கட்டா?" என்று கேட்கவேண்டும். பட்டைக் கேட்கக்கூடாது. பீல்டிங் நிற்க ஆள் வந்தால் யாருக்கும் நட்டமில்லை, அதனால் ஓமென்று சொல்வது அவர்களுக்கு இலகு.

"வேண்டாம்" என்ற பதிலுக்கும் அவரைத் தயார்படுத்துங்கள். எல்லோருக்கும் பிடித்த பிள்ளைகளையும் மற்றவர்கள் சில தடவை சேர்ப்பதில்லை. வித்தியாசம் அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொள்வதில் இருக்கிறது. "சரி, பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு வேறு கூட்டத்தைத் தேடிப் போகவேண்டும். "ஏன்?" என்று கேட்டால் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார்கள், அது காயப்படுத்தும். ரீச்சரிடம் முறையிட்டால் அன்று சேர்த்துக்கொள்வார்கள், நாளைக்கு அவரைக் கண்டதும் விலகுவார்கள். அடிப்பதையும் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்வதையும் மட்டும் கட்டாயம் ரீச்சரிடம் சொல்லவேண்டும். சேர்க்காமல் விடுவது வேறு, இவை வேறு என்று அவருக்குத் தெளிவாகப் பிரித்துக் காட்டுங்கள்.

இதை வாயால் சொல்லிக்கொடுத்தால் மனதில் நிற்காது, நடித்துப் பழகவேண்டும். அப்பாவும் அக்காவும் ஹோலில் விளையாடட்டும். முதலில் நீங்கள் பிழையாக நுழைந்து காட்டுங்கள், அரை நிமிடம் போதும். "அப்பாவுக்கு இப்ப எப்பிடி இருந்திருக்கும்?" என்று மகனிடம் கேளுங்கள். அடுத்து சரியாக நுழைந்து காட்டுங்கள். பிறகு அவர் செய்யட்டும். முடிந்ததும் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள், திருத்தவேண்டிய ஒன்றைச் சொல்லுங்கள், அதற்குமேல் வேண்டாம். "கண்ணைப் பார்த்துக் கதை, கையைக் கட்டாதே, சத்தமாகச் சொல், சிரி" என்று நாலைந்தை ஒன்றாகச் சொன்னால் பிள்ளை ஒன்றையும் பிடிக்காது. பத்து நிமிடம், கிழமையில் நான்கு நாள். இரண்டு தடவைக்கு ஒரு தடவை அக்கா "இப்ப இடமில்லை" என்று சொல்லட்டும், அப்போதுதான் "சரி" என்று சொல்லிப் போகும் பகுதியும் பழகும். காலையில் வானுக்கு ஓடும் நேரத்தில் இதை ஞாபகப்படுத்தவேண்டாம். பதற்றம்தான் கூடும்.

ஐந்தாறு பேருள்ள கூட்டம் இப்போதைக்கு அவருக்குப் பெரிது. இரண்டு பேரிலிருந்து தொடங்குங்கள். வகுப்பில் அவரோடு கொஞ்சமாவது கதைக்கும் ஒரு பிள்ளையின் தாயோடு பேசி, ரியூசன் இல்லாத ஒரு பின்னேரம் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழையுங்கள். ஒருவர்தான், அதுவும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். வரமுன்னரே, மகன் பிறர் தொட விடாத சாமான்களை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். வெளியே இருப்பதெல்லாம் இருவருக்கும் பொது. டப்லெட்டையும் ஒளித்துவிடுங்கள், அது இருந்தால் ஒருவர் விளையாட மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பதில் பொழுது போய்விடும். முதல் விளையாட்டை வந்த பிள்ளை தெரிவு செய்யவேண்டும் என்பது உங்கள் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். விளையாட்டு ஒத்துவராவிட்டால் மைலோவும் ரோல்ஸும் கொடுத்து இடைவெளி விடுங்கள். நீங்கள் குசினியில், சத்தம் கேட்கும் தூரத்தில் இருந்தால் போதும். நடுவில் உட்கார்ந்தால் இருவரும் உங்களோடுதான் கதைப்பார்கள். பெரும்பாலானோர் இங்கே விடும் பிழை, நன்றாகப் போகிறதே என்று நேரத்தை நீட்டுவது. களைத்த பிள்ளைகள் சண்டையில் முடிப்பார்கள், அந்தச் சண்டைதான் ஞாபகத்தில் தங்கும். பிறந்தநாள் பார்ட்டியை இதற்கான வாய்ப்பாக எண்ணவேண்டாம். இருபது பிள்ளைகளும் பாட்டுச் சத்தமும் உள்ள ஹோலில், இப்போதுதான் பழகும் ஒருவருக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

இரண்டு மூன்று சந்திப்புகள் நன்றாகப் போன பிறகு மூன்று பேராக்குங்கள். மூவரில் ஒருவர் இலகுவாகத் தனித்துப் போவார், அதனால் மூவருக்கும் வேலை வேண்டும். அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர் டானியல் லெகொஃப் லெகோ கட்டைகளை வைத்து ஒரு முறையை உருவாக்கி, 2004 இல் அதைப் பற்றி எழுதினார். அவர் அதைச் செய்தது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காக. உங்கள் மகனுக்கு அப்படி ஏதும் இருக்கிறது என்று நான் சொல்லவரவில்லை, எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும். ஒருவர் பொறியியலாளர்: படம் அவரிடம்தான் இருக்கும், கட்டையைத் தொடக்கூடாது. ஒருவர் களஞ்சியக்காரர்: கேட்ட கட்டையைத் தேடிக் கொடுப்பார். ஒருவர் மேசன்: படத்தைப் பார்க்காமல், சொன்னபடி பொருத்துவார். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வேலையை மாற்றவேண்டும். "சிவப்பு, நாலு புள்ளி, நீட்டுப் பக்கமா வையுங்கோ" என்று சொல்லாமல் ஒன்றும் நகராது. பேச்சை நாங்கள் கேட்டு வாங்கத் தேவையில்லை, வேலையே அதை வாங்கும்.

மகனுக்கு மிகக் கடினமாக இருக்கப்போவது பொறியியலாளர் வேலை. கை நீட்டிக் கட்டையைப் பறிக்கப் பார்ப்பார். "கை மடியில, வாயால சொல்லுங்கோ" என்று ஒரே வசனத்தால் நிறுத்துங்கள். குழுவேலையில் எல்லாவற்றையும் தானே செய்கிறார் என்று ரீச்சர் சொன்ன பிரச்சினைக்கும் பயிற்சி இதுதான். முதல் தடவை இருபது முப்பது கட்டைகளுக்கு மேற்பட்ட உருவம் வேண்டாம், பாதியில் சலித்துவிடும். லெகோ விலை கூடவென்றால் வீட்டிலுள்ள எந்தக் கட்டைகளும் போதும். ஒரு படத்தைப் பார்த்து ஒருவர் சொல்ல, ஒருவர் நிறம் எடுத்துக் கொடுக்க, ஒருவர் வரையலாம்.

தொடர்மாடிப் பிள்ளைகள் விடயத்தில் முதல் தடை மொழி. சிங்களம் முழுவதும் தெரியத் தேவையில்லை, விளையாட்டுக்குப் பத்துப் பதினைந்து வசனம் போதும். "மாத் செல்லம் கரன்னத?" (நானும் விளையாடட்டா?) என்று கேட்க, "மகே வாரய" என்று முறை சொல்ல, விழுந்தவனிடம் "கமக் நே" (பரவாயில்லை) என்று சொல்ல வந்துவிட்டால் பாதித் தூரம் தாண்டியாகிவிட்டது. இதையும் அதே பத்து நிமிட நடிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாட்களில் அக்காவும் கூட இறங்கி நிற்கட்டும்.

பாடசாலையில் கட்டாயம் கதையுங்கள், ஆனால் பிள்ளை இல்லாத நேரத்தில், குறிப்பான மூன்று வேண்டுகோளோடு. பொறுமையான ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்துவது. குழுவேலையில் நான்கு பேருக்கு மேற்படாத குழுவில் விடுவது. அந்தக் குழுவில், அவர் செய்யாவிட்டால் வேலை முடியாது என்ற ஒரு பங்கைக் கொடுப்பது. அமெரிக்க உளவியலாளர் எலியட் அரன்சன் 1971 இல் டெக்சஸின் ஒஸ்டின் நகர வகுப்புகளில் தொடங்கிய ஜிக்ஸோ முறையின் அடிப்படையும் இதுவே: பாடத்தைத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு பிள்ளையிடம் கொடுத்தால், மற்றவர்கள் அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். குழுத் தலைவர் பதவி மட்டும் இப்போது வேண்டாம், திருத்தும் பழக்கத்துக்கு அது அதிகாரம் கொடுத்துவிடும். எல்லோர் முன்னிலையிலும் "இவரையும் சேர்த்துக்கொள்ளுங்கோ" என்று ரீச்சர் அறிவிக்கவேண்டாம் என்றும் கேளுங்கள். நீங்கள் பயப்படும் வெட்கம் வரக்கூடிய இடம் அதுதான்.

மாமி சொன்ன எலக்கியூசன் வகுப்பு கெடுதலானதல்ல. ஆனால் அங்கே மனனம் செய்த ஒன்றைத் தனியே நின்று சொல்லப் பழக்குவார்கள். மற்றவர் சொல்வதைக் கேட்டு, முறை பார்த்து, விட்டுக்கொடுத்துக் கதைப்பது வேறு திறமை. ரியூசன் போக மிஞ்சும் ஒரு பின்னேரத்தை அதற்குக் கொடுக்க நான் சொல்லமாட்டேன். பாடசாலையில் குருளைச் சாரணர் இருந்தால் அதில் சேர்த்துவிடுங்கள். அங்கே பிள்ளைகளை ஏறத்தாழ ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரிப்பார்கள், குழு மாறாது, செய்ய வேலையும் இருக்கும். ஞாயிறு அறநெறி வகுப்பில் நாடகமோ கோலாட்டமோ பழக்கினால் அதுவும் நல்லது.

இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் அசைவே இல்லையென்றால், அல்லது பாடசாலையில் ஒரு மாதத்துக்கு மேலாக வாயே திறக்காமல் இருந்தால், மற்றவர் முகத்தைப் பார்த்து மனநிலையை ஊகிக்கவே முடியவில்லையென்றால், காது சரியாகக் கேட்கிறதா என்ற சந்தேகம் வந்தால், பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் காட்டுங்கள். அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. கேலியும் அடியும் தொடர்ந்து, பாடசாலை கவனிக்காவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அம்மம்மா பேரன் மீதுள்ள அன்பில்தான் "வளரச் சரியாகும்" என்கிறார். எட்டு வயதிலிருந்து பத்து வயதுவரை சும்மா காத்திருந்தால், அதற்குள் வகுப்பில் கூட்டுகள் அமைந்துவிடும். அப்போது நுழைவது இன்னும் கடினம், அதனால் இப்போதே தொடங்குவது நல்லது.

வானால் இறங்கியதும் நீங்கள் கேட்கும் அந்தக் கேள்வியை நிறுத்திவிடுங்கள். அதற்கு "ஒருத்தரோடயும் இல்லை" என்று சொல்லவேண்டிய நாளெல்லாம் அவர் உங்கள் முன்னாலும் தோற்றவராகிறார். முதலில் சாப்பிடக் கொடுங்கள். பிறகு, "இண்டைக்கு ஆர் பந்து போட்டது? ஆர் கன ரன் அடிச்சது?" என்று கேளுங்கள். நின்று பார்த்திருந்தாலே பதில் சொல்லமுடியும். போய்க் கேட்டுப் பார்த்த நாளில், சேர்த்தார்களோ இல்லையோ, கலண்டரில் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சேர்ப்பதும் விடுவதும் மற்றப் பையன்களின் கையில் இருக்கிறது. புள்ளி வைப்பது அவர் முயன்றதற்காக.