டீமில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?

கேள்வி கேட்டவர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் போலிருக்கிறது. மீட்டிங்கில் எல்லாவற்றுக்கும் சரி என்கிறவர்கள், வெளியே வந்து காபி குடிக்கும்போது ஆயிரம் குறை சொல்கிறார்களாம். நான் சிங்கப்பூரில் கட்டுமான சைட்டில் சேஃப்டி பார்க்கிறவன். எங்களுக்கும் இதே தலைவலிதான். என்ன, இங்கே சொல்லாமல் விட்டால் ஆள் மேல் ஏதாவது விழும்.

காலையில் வேலை தொடங்குமுன் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும். இன்று என்ன வேலை, எங்கே ஆபத்து என்று சூப்பர்வைசர் சொல்வார். நம்மூர் ஆட்கள், பங்களாதேஷ் ஆட்கள், சீனாக்காரர்கள் எல்லோரும் வெயிலில் வரிசையாக நிற்பார்கள். கடைசியில், “எதுவும் சந்தேகமா?” இருக்கவே இருக்காது. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள்.

ஒருநாள் கம்பிக்கட்டுகளைத் தூக்க மொபைல் கிரேன் வரவேண்டியிருந்தது. எங்கே நிறுத்துவது என்று இன்ஜினியர் வரைபடத்தில் காட்டினார், எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு டீ குடிக்கும்போது திருவாரூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவன் என்னிடம் வந்தான். “அண்ணே, அந்த மூலையில போன வாரம் குழி தோண்டி பைப் போட்டு மூடினோம்ல, மண்ணு இன்னும் இறுகல.” கிரேனின் கால் ஊன்ற வேண்டிய இடமே அதுதான். “ஏம்ப்பா, மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே?” “இன்ஜினியர் சாரே நிக்கிறாரு, அவருக்குத் தெரியாமலா இருக்கும்னு விட்டுட்டேன்.”

கிரேனை வேறு இடத்தில் நிறுத்தினோம், அது சரி. ஆனால் அவன் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். அவன் பயந்தாங்கொள்ளி இல்லை. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டான். ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தேர்தலில் நிற்பவர்களைப் பற்றிய விவரங்களைப் பிரித்து, சிலவற்றைக் குழுவில் எல்லோருக்கும், சிலவற்றை ஆளுக்கொன்றாகவும் கொடுத்தார்கள். எல்லா விவரத்தையும் ஒன்றுசேர்த்தால்தான் சிறந்த வேட்பாளர் யாரென்று தெரியும். குழுக்களோ எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசிவிட்டு, பெரும்பாலும் தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தன.

பயமும் உண்டு, மறைப்பானேன். வொர்க் பெர்மிட் முதலாளியோடு கட்டப்பட்டது. ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் ஊரில் வட்டியோடு நிற்கும்போது யார் இன்ஜினியரை மறுத்துப் பேசுவார்? “தைரியமாகப் பேசுங்கள்” என்று போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேட்கிற முறையை மாற்றுவதுதான் நடக்கிற காரியம்.

அதற்கப்புறம் எங்கள் சூப்பர்வைசர் சந்தேகம் கேட்பதை விட்டுவிட்டார். திட்டத்தைச் சொல்வதற்கு முன்பே, “நேத்து அந்தப் பக்கம் வேலை பார்த்தது யாரு? என்னென்ன பண்ணீங்க?” என்கிறார். இது அபிப்பிராயம் கேட்பது இல்லை, பார்த்ததைச் சொல்லச் சொல்வது. அதனால் யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, வாய் தானாகத் திறக்கிறது. இன்ஜினியர் கடைசியில்தான் பேசுவார். அவர் முதலில் பேசிவிட்டால் அன்றைய மீட்டிங் அதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழி தடுமாறுகிற இடத்தில் பழைய பிளைவுட் பலகையில் மார்க்கரால் கோடு போட்டு, கிரேன் எங்கே, ஆள் எங்கே நிற்கணும் என்று அவர்களையே காட்டச் சொல்கிறோம். தலையாட்டிவிடலாம், ஆனால் புரியாமல் கோடு போட முடியாது.

வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் வந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்று. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொல்கிறார்கள், மற்ற இடங்களில் மறைக்கிறார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். மயிரிழையில் தப்பிய சம்பவங்களை இங்கே ‘நியர் மிஸ்’ என்று எழுதி வைப்போம். ஒரு மாதம் அந்தப் பக்கம் காலியாக இருந்தால் மேலிடம் கைதட்டும். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

உங்கள் டீமில் இதைத் தொடங்கினால் முதலில் வாய் திறந்தவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். “குறை கண்டுபிடிச்சது நீதானே, நீயே சரி பண்ணு” என்று அவர் தலையிலேயே வேலையைக் கட்டுகிற மேனேஜர்கள் இங்கேயும் உண்டு. அப்படி ஒருமுறை நடந்தால் போதும். மறுவாரம் அவரும் வரிசையில் நின்று தலையாட்டுவார்.