டாஷியல் ஹேமட்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

கே: சார், துப்பறியும் நாவல்கள் எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹேமட் நிஜமாகவே துப்பறிவாளரா, விளம்பரத்துக்காகக் கிளப்பிவிட்ட கதையா?

ப: நிஜம்தான். 1894இல் மேரிலாந்தில் பிறந்தவர். 13 வயதிலேயே பள்ளிக்கு முழுக்கு. 1915இல் பால்டிமோரில் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆளைப் பின்தொடர வேண்டும், பார்த்ததை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். அவருடைய நடை அங்கேதான் உருவானது என்று நினைக்கிறேன். அவருடைய 'மால்டீஸ் ஃபால்கன்' நாவலில் யார் என்ன செய்தார், என்ன பேசினார் என்பது மட்டும்தான் இருக்கும். கதாநாயகன் ஸ்பேடின் மனசுக்குள் ஒரு வரிகூட நுழையாது. படித்துப் பாருங்கள், சிலிர்க்கும்.

கே: பிறகு ஏன் அந்த வேலையை விட்டார்?

ப: காசநோய். முதல் உலகப் போரின்போது ராணுவத்தில் சேர்ந்தவருக்கு ஸ்பானிஷ் ஃப்ளூ வந்தது, அதன் பின்னாலேயே இதுவும். அலைய உடம்பு ஒத்துழைக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவில் உட்கார்ந்து 'பிளாக் மாஸ்க்' இதழுக்குக் கதை எழுதினார்.

கே: அண்ணா, எதில் தொடங்கலாம்?

ப: மொத்தமே ஐந்து நாவல்கள்தான். 'ரெட் ஹார்வெஸ்ட்' (1929) எடுங்கள். ஊழலில் ஊறிய ஒரு சுரங்க நகரம், பெயரே சொல்லாத ஒரு துப்பறிவாளன்.

கே: 1934இல் 'தி தின் மேன்'. அதன்பின் 27 வருடம் உயிரோடு இருந்தும் ஒரு நாவல்கூட இல்லையே?

ப: இந்தக் கேள்விதான் எனக்கும் ஆறாத வருத்தம். குடி உண்டு, ஹாலிவுட் பணம் உண்டு. 'துலிப்' என்று ஒன்றைத் தொடங்கி, பாதியில் விட்டார். ஆனால் பேனா ஓய்ந்ததால் மனிதர் ஓய்ந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். இரண்டாம் உலகப் போரில், 48 வயதில், புண்ணான நுரையீரலோடு சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். அலாஸ்காவின் அடாக் தீவில் படைவீரர்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். 1951இல் கம்யூனிஸ்ட் தலைவர்கள் சிலர் ஜாமீனில் தலைமறைவானார்கள். அந்த ஜாமீன் நிதியின் பொறுப்பாளர்களில் ஹேமட்டும் ஒருவர். பணம் தந்தவர்கள் யார் என்று நீதிமன்றம் கேட்டது. வாய் திறக்கவில்லை. ஆறு மாதத் தண்டனை. கென்டக்கி சிறையில் அந்த 57 வயது எழுத்தாளர் கழிப்பறை கழுவினார். வெளியே வந்தால் வருமான வரிப் பாக்கி கழுத்தை நெரித்தது. அப்போதும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. அவருடைய ஐந்து நாவல்களையும்விட இதற்காகவே அவரை அதிகம் மதிக்கிறேன்.

கே: கல்லறை எங்கே?

ப: ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில். 1961 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். இரண்டு போர்களிலும் பணியாற்றியவர் என்பதால் அங்கே இடம் கிடைத்தது.