ஏற்றத்தில் திணறும் பழைய பிக்கப்: ஜெட்டைத் தொடுமுன் சோக்கை இழுத்துப் பாருங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 80களில் வந்த பெற்றோல் ஹைலக்ஸ், காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து விடும் பாகம்) உள்ள எஞ்சின். சீசனுக்கு ஒரு சின்ன ஃபைபர் படகை ட்ரெய்லரில் கட்டி நுவரெலியாவுக்குக் கொண்டு போவேன். மாத்தளை வரை குறையே இல்லை. கம்பளை தாண்டி ஏற்றம் தொடங்கினால், எக்ஸலேட்டரில் காலை முழுதாக அழுத்தினாலும் இழுக்காமல் வெட்டி வெட்டி ஓடுகிறது. கராஜில் மிக்ஸர் ஸ்க்ரூவை இரண்டு தடவை திருப்பித் தந்தார்கள். மாற்றமில்லை. காபரேட்டரில் பெரிய ஜெட் (பெற்றோலை அளந்து விடும் துளையுள்ள திருகு) போடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மிக்ஸர் ஸ்க்ரூ எஞ்சின் சும்மா நின்று ஓடும்போதுதான் வேலை செய்யும். காலை முழுதாக அழுத்தியதும் பெற்றோல் மெயின் ஜெட் வழியாகவும் பாரம் கூடும்போது திறக்கும் பவர் வால்வ் வழியாகவும் வரும். அந்த நேரம் ஸ்க்ரூ எங்கே நின்றாலும் ஒன்றுதான்.

முதலில் கலவையில் பெற்றோல் குறைகிறதா, கூடுகிறதா என்று தெரிய வேண்டும். உங்கள் சோக் (காற்றைக் குறைத்துக் கலவையில் பெற்றோலைக் கூட்டும் மூடி) கையால் இழுப்பதென்றால் வேலை சுலபம். வளைவில்லாத ஏற்றத்தில், வண்டி வெட்டும் நேரம் பக்கத்தில் இருப்பவர் சோக்கைக் கொஞ்சமாக இழுக்கட்டும். இழுவை கூடினால் பெற்றோல் போதவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கெனவே கூடிவிட்டது. அப்புறம் அகலமான இடத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் வைத்து, சூடு ஆறியதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் குறைவு, கரி பிடித்திருந்தால் அதிகம், பால்தேத்தண்ணி நிறமென்றால் சரி. ஓடும்போதே சாவியை அணைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. ட்ரெய்லரோடு அதைச் செய்யவே கூடாது, பிரேக்கை இலகுவாக்கும் பூஸ்டருக்கு எஞ்சின் தரும் வேக்கூம் (காற்று உறிஞ்சல்) இல்லாமல் போகும்.

பெற்றோல் குறைவென்று தெரிந்தாலும் ஜெட்டுக்குப் போக அவசரமில்லை. கடற்கரையில் நிற்கும் பழைய வண்டியின் டேங்கில் துரு சேர்வது வழக்கம். சமதரையில் தேவை குறைவு என்பதால் அடைபட்ட ஃபில்டரும் தளர்ந்த பம்பும் சமாளித்துவிடும், ஏற்றத்தில்தான் காட்டிக்கொடுக்கும். ஃபில்டரை மாற்றுங்கள். காபரேட்டரில் கண்ணாடி ஜன்னல் இருந்தால் பெற்றோல் மட்டம் கோட்டோடு நிற்கிறதா பாருங்கள். ஒருவரை எக்ஸலேட்டரை முழுதாக அழுத்தச் சொல்லி, காபரேட்டருக்குள் காற்றுவழியைத் திறக்கும் தகடான பட்டர்ஃபிளை முழுதாகத் திறக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் இழுபட்டு முக்கால்வாசி மட்டும் திறக்கும் வண்டிகள் நிறைய ஓடுகின்றன.

இந்த நோய்க்கு நான் அதிகம் சந்தேகப்படுவது பவர் வால்வை. ஏற்றத்தில் வேக்கூம் குறைந்ததும் ஸ்பிரிங் ஒரு சின்னப் பிஸ்டனைத் தள்ளி, கூடுதல் பெற்றோலுக்கு வழி திறக்கும். அந்தப் பிஸ்டன் பிசின் பிடித்து இறுகினால் சமதரையில் ஒன்றும் தெரியாது. கழற்றிக் கழுவி, விரலால் அமுக்கினால் வழுக்கிப் போய்த் திரும்புகிறதா பாருங்கள். முழு இழுவைக்கு உதவும் இரண்டாவது பட்டர்ஃபிளையைத் திறக்கும் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தாலும் இதே கதைதான். ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பி விட்டுக் குடைய வேண்டாம். துளை பெருத்தால் பழைய அளவுக்குத் திரும்ப முடியாது.

இவ்வளவும் சரியாக இருந்து, பிளக் இன்னும் வெள்ளையாகவே வந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு மட்டும் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், பிறகு அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு ஓடிப் பாருங்கள். இழுக்கும்போது எஞ்சினில் உலோகச் சத்தம் டிக்டிக்கென்று கேட்டால் உடனே காலைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குங்கள். பெற்றோல் குறைவும், டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) முந்தி நிற்பதும் சேர்ந்தால் பிஸ்டன் உருகும். டைமிங் லைட் வைத்துக் கம்பனி அளவு பார்த்து, அப்போதும் சத்தம் வந்தால் இரண்டு டிகிரி பின்னுக்கு வைத்து, 95 ஒக்டேன் அடியுங்கள்.

திருகோணமலை கடல்மட்டம், நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கே காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும், கலவையில் பெற்றோல் தானாகவே கூடும். அதனால் நுவரெலியா வழியில் ரம்பொடைக்கு மேலே கொஞ்சம் கறுப்புப் புகை வந்தால் அதற்காக ஜெட்டைச் சின்னதாக்க வேண்டாம். அதே ஜெட்டோடுதான் கீழே சமதரையில், ஹபரணை வெயிலில் படகை இழுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும்.